கட்டுச்சோறு கட்டிய தீ

சிவகாசி ஒரு காலத்தில் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1985 மார்ச்சில் மாவட்டம் பிரிந்தபோது விருதுநகர்ப் பக்கம் போனது. மழை குறைவு, காற்றும் காய்ந்த காற்று. தீப்பெட்டியும் பட்டாசும் அங்கே வேரூன்ற அதுவே பெரிய காரணம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் தொடங்கிய கதை அது. அந்த வறண்ட காற்றில் செய்த சரக்கு, ஐப்பசி மழைக்கு நடுவே தீபாவளிக்கு, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் வந்து நம் உப்புக்காற்றில் உட்காருகிறது. குறைந்த செலவில் வாங்குவது, பத்திரமாக வெடிப்பது இரண்டையும் பேச, இந்த இடமாற்றத்தை மனதில் வைத்துக்கொள்வோம்.

முதலில் வெடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெடியுப்பு, கந்தகம், கூடவே கரி அல்லது அலுமினியப் பொடி. கந்தகமும் கரியும் அலுமினியமும் எரிகிற சாமான்கள். வெடியுப்பு எரிவதில்லை, சூடு பட்டதும் தனக்குள் இருக்கும் ஆக்சிஜனை அவிழ்த்துவிடுகிறது. விறகடுப்புக்கு வெளிக்காற்று வேண்டும், அதனால் ஊதுகுழல் வைத்து ஊதுகிறோம். பட்டாசுக்கு அது வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு வருகிற யாத்திரிகர் கட்டுச்சோற்றோடு வருவதுபோல, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டே வருகிறது.

நம்மில் பெரும்பாலோர் தவறாக நினைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். மூடினால் தீ அணையும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம். எண்ணெய்ச் சட்டிக்கு அது சரி. பட்டாசு மருந்துக்குச் சரியில்லை. மண்ணுக்குள் புதைத்தாலும் மருந்து எரியும். மூடுவதால் ஆபத்துதான் கூடும், ஏனென்றால் வெடி வெடிப்பதே அடைப்பினால்தான். மருந்தைத் திறந்த காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்தால் குப்பென்று சீறிப் போய்விடும். அதே மருந்தைக் காகிதத்தில் இறுகச் சுற்றினால் உள்ளே வாயு முட்டி, சுற்றைக் கிழித்துக்கொண்டு வெடிக்கிறது. வெடிக்கு மேல் சிரட்டையையோ பால் டின்னையோ பையன்கள் கவிழ்க்கும்போது அவர்கள் சேர்ப்பது இன்னொரு அடைப்பு. அது சிதறினால் ஒவ்வொரு துண்டும் கத்தி. கண் போன பிள்ளைகளின் கதைகள் பல இப்படித் தொடங்கியவைதான்.

திரி அணைந்துவிட்டது, வெடி செத்துவிட்டது என்று கிட்டே போய்க் குனிந்து பார்ப்பதும் இதே தப்பெண்ணத்தின் மறுபக்கம். திரிக்குள்ளும் மருந்துதான் இருக்கிறது. வெளியே புகைகூடத் தெரியாது; உள்ளே தீ காற்றில்லாமலே மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கலாம். வெடிக்காததை அரைமணி நேரமாவது அப்படியே விட்டுவிடுவோம். பிறகு எட்ட நின்று தண்ணீரை ஊற்றி, வாளித் தண்ணீரில் போட்டு, வாளியை மூடாமல் வெளியிலேயே ராத்திரி முழுக்க ஊறவிடுவோம். தண்ணீர் ஏன்? அது சூட்டைத் தணிக்கிறது; வெடியுப்பையும் கரைத்துவிடுகிறது. கட்டுச்சோற்றையே பிடுங்கிவிட்டால் பிறகு எரிய வழியில்லை. மணல் சிதறிய பொறியை அமுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. வெடிக்காதவற்றைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைக் கொட்டிக் கொளுத்தும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். முகத்துக்கு நேரே ஒரு நொடியில் எரிகிற மருந்து அது.

இப்போது நம் கரைக்கே உரிய சங்கதிக்கு வருவோம்: நமத்துப்போன பட்டாசு. ஈரக்காற்று பட்டால் மருந்து செத்துப்போவதாகவும், காயவைத்தால் உயிர் வருவதாகவும் நினைக்கிறோம். உண்மையில் ஈரத்தில் வெடியுப்பு கரைந்து, காயும்போது வேறு இடத்தில் உறைகிறது. கலவை ஒருசீராக இல்லாமல் போகிறது. அதனால் திரி பாதியில் நிற்கலாம், அல்லது நாம் ஓரடி நகருமுன் ஓடிவிடலாம். அலுமினியப் பொடியில் ஈரம் ஏறினால் அது தானாகவே மெல்லச் சூடாகவும் கூடும். இதைத் தடுக்கத்தான் பட்டாசுத் தொழிலில் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். அடுப்படியில், மொட்டைமாடி வெயிலில் காயவைத்து மிச்சம் பிடிப்பது பத்து ரூபாய்ச் சிக்கனம், கைவிரல் செலவு. ஈரம் கண்டதை வாளியில் போடுங்கள். நம் ஊரில் சிக்கனம் என்றால் குறைவாக வாங்குவது, பண்டிகைக்கு நெருக்கமாக வாங்குவது, அட்டைப் பெட்டியோடு பாலிதீன் உறையில் சுற்றி அடுப்படிக்கு எட்டத்தில் உயரமாக வைப்பது. இரும்பு டிரங்குப் பெட்டி வேண்டாம். அடைப்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

வாங்கும்போது ‘80 விழுக்காடு தள்ளுபடி’ என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பட்டியல் விலையை ஏற்றி வைத்துவிட்டு இறக்குவதுதான் அந்தக் கணக்கு. கையிலிருந்து போகிற தொகையைப் பார்ப்போம், அதை உள்ளே இருக்கும் உருப்படியால் வகுப்போம். கிஃப்ட் பாக்ஸில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டப் பாம்பு மாத்திரையும் வண்ணத் தீப்பெட்டியும் உதவும். பட்டியலை வாசித்துவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் காசுக்குத் தகுந்த சந்தோஷம் புஸ்வாணத்திலும் தரைச்சக்கரத்திலும்தான் இருக்கிறது. சரவெடிக்கும் ஆன்லைன் விற்பனைக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ல் தடை போட்டது. பேரியம் உப்பையும் விலக்கியது. பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கிறதா பாருங்கள். பசுமை என்றால் புகை குறைவு என்று பொருள். சூடு குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் குளோரேட்டும் கந்தகமும் கலந்திருக்கலாம். உரசினாலே பற்றக்கூடிய அந்தக் கலவை 1992-லிருந்தே நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. விலை மலிவென்று சிவகாசிக்கே போகிறவர்கள், வாங்கியதை ரயிலில் ஏற்ற வேண்டாம். ரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

வெடிக்கிற இடம்? ஓலைக் கொட்டகை, காயப்போட்ட நைலான் வலை, ஃபைபர் வள்ளம், அதன் பக்கத்தில் எண்ணெய் கேன்: நம் தெருக்களில் இவை இல்லாத மூலை அரிது. அதனால் ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று அடிக்கிற பக்கம் ராக்கெட் ஒதுங்கும் என்று நினைப்போம். எரிகிற வரை அது காற்றை எதிர்த்தே தலையைத் திருப்பும், பின்னால் நீளும் குச்சியைக் காற்று தள்ளுவதால். மருந்து தீர்ந்தபின் காற்றோடு மிதந்து இறங்கும். ஆக, இரண்டு பக்கத்துக் கூரைகளுக்கும் ஆபத்து. ஓலைக்கூரை உள்ள தெருவில் ராக்கெட்டை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. மற்றவற்றுக்கு, தீபாவளியன்று அரசு ஒதுக்கிய காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மணி வரையிலான நேரத்தில் நீளமான ஊதுபத்தி, பருத்தித் துணி, செருப்பு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் போதும்.

கம்பி மத்தாப்பைச் சாதுவானது என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கொடுக்கிறோம். அதன் பொறி ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல். எரிந்து முடிந்த கம்பியும் வெறும் காலைப் பொசுக்கும். உடனே வாளியில் போடுங்கள். சுட்டுவிட்டால் பற்பசை, மை, காப்பித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், வீங்குமுன் மோதிரம் வளையலைக் கழற்றுங்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.