ஒரே நாளில் மொழி மாறிய கணிப்பொறிகள்

1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அதிகாலை 5 மணிக்கு, ஸ்வீடன் நாட்டு வண்டிகள் யாவும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறின. “வசதிப்பட்டவர் இன்று மாறலாம், மற்றவர் நாளை மாறலாம்” என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கணிப்பொறி வலையமைப்பு ஒன்றிலும் இதே சிக்கல் எழுந்தது.

1969-இல் அமெரிக்காவில் நான்கு ஆய்விடங்களை இணைத்துத் தொடங்கிய ‘அர்ப்பாநெட்’, 1980-களின் தொடக்கத்தில் சில நூறு கணிப்பொறிகளைக் கொண்டதாக வளர்ந்துவிட்டது. அவை தமக்குள் பேசிக்கொள்ள வகுத்த விதிமுறைக்கு என்.சி.பி. என்று பெயர். அனுப்பிய செய்தியை வலையமைப்பு தவறாமல் சேர்த்துவிடும் என்று அது நம்பியது. ஆனால் வானொலி அலை வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் செல்லும் செய்திகள் இடையில் தொலைந்து போகலாமே!

இதற்குத் தீர்வாக வின்ட் சர்ஃப், பாப் கான் இருவரும் 1974-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். பத்துப் பக்கக் கடிதத்தைப் பத்து உறைகளில் தனித்தனியே அனுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வோர் உறையிலும் எண் இருக்கும். பெறுபவர் வந்தவற்றுக்கு ஒப்புதல் அனுப்புவார். ஏழாம் உறைக்கு ஒப்புதல் வராவிட்டால் அதை மட்டும் மீண்டும் அனுப்பலாம். இம்முறையிலிருந்து வளர்ந்ததே டி.சி.பி./ஐ.பி.

பழைய விதி மட்டும் தெரிந்த கணிப்பொறியும் புதிய விதி மட்டும் தெரிந்த கணிப்பொறியும் நேரடியாகப் பேச முடியாது. ஆகவே எல்லாம் மாறியாக வேண்டும். அதே சமயம், அன்றாட வேலையும் நின்றுவிடக் கூடாது. ஜான் போஸ்டல் 1981 நவம்பரில் இதற்கொரு திட்டம் வெளியிட்டார். 1982 முழுவதும் மாறுவதற்கான ஆண்டு. இரு விதிகளும் தெரிந்த சில கணிப்பொறிகள் அதுவரை மொழிபெயர்ப்பாளர்போல் இடையில் நிற்கும். 1983 சனவரி 1 கெடு நாள்.

கெடு வைத்தால் மட்டும் போதுமா? தேர்வு நெருங்கும்வரை புத்தகத்தைத் தொடாத மாணவர்கள் எங்கும் உண்டு அல்லவா! 1982-இன் நடுவில் ஒரு நாள் என்.சி.பி. நிறுத்தப்பட்டது, பிறகு இலையுதிர் காலத்தில் இரண்டு நாட்கள். மாறாதவர்கள் தொடர்பிழந்து தவித்தனர். கெடு விளையாட்டன்று என்பது புரிந்தது. சனவரி 1 வந்தபோதும் சிலர் பின்தங்கியே இருந்தனர். எனினும் மாற்றம் நிலைத்தது. இன்றைய இணையம் இதன் வழி வந்ததே.

இத்தகைய பணியை நடத்துபவரைத் தொழில்நுட்பத் திட்ட மேலாளர் என்கிறோம். எல்லா நிரல்களையும் அவரே எழுதுவதில்லை. எதன்பின் எது நடக்க வேண்டும், யார் ஆயத்தமாக இல்லை, தவறினால் மாற்றுவழி என்ன என்பவற்றை முன்கூட்டியே கணிப்பது அவர் வேலை.

1983-இல் வந்த முகவரி முறையில் 32 பிட்டுகள். ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011-இல் தீர்ந்தது. 128 பிட்டு முகவரி கொண்ட ஐ.பி.வி.6 வந்தும், இன்றும் இரண்டும் அருகருகே இயங்குகின்றன. சில நூறு கணிப்பொறிகளுக்கு நாள் குறிக்கலாம். கோடிக்கணக்கான கருவிகளுக்கு யார் நாள் குறிப்பது?

மாணவர்களே, 2-ஐ 32 முறை பெருக்கி, 429 கோடி சரிதானா என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.