செயற்கைக் காலில் கணுக்கால் எங்கே?

செயற்கைக் கால் போட்டவர் ஒரு சரிவில் இறங்குவதைக் கவனியுங்கள். குதிகால் தரையில் பட்டதும் பாதம் படியாமல் முட்டி முன்னால் தள்ளப்படும். சட்டென்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பயப்படுகிறார் என்று கூட இருப்பவர்கள் நினைப்பார்கள். குறை அவர் மனதில் இல்லை. மடங்காத கணுக்காலில் இருக்கிறது.

ஓர் அடிக்குள் மூன்று வேலை

நடக்கும்போது ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 60 சதவீத நேரம் தரையில்தான் இருக்கிறது. அதற்குள் கணுக்கால் பாதத்தை மெல்லத் தரையில் இறக்குகிறது, உடம்பு முன்னே நகர வளைந்துகொடுக்கிறது, கடைசியில் கெண்டைக்கால் தசையின் பலத்தில் உந்தித் தள்ளுகிறது. முட்டிக்குக் கீழே காலை இழந்தவருக்கு இந்த மூன்றும் போய்விடுகின்றன. அந்த உழைப்பை இடுப்பும் மற்றொரு காலும் ஏற்கின்றன. பல வருடம் கழித்து நல்ல காலின் முட்டி தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பரில் ஒரு கணுக்கால்

1950களில் அமெரிக்காவில் உருவான 'சாச்' பாதத்தில் கணுக்கால் அசையாது. குதிகாலிலுள்ள மெத்தை மட்டும் அமுங்கும். ஷூ போட்டுச் சமதரையில் நடக்க அது போதும். குந்தி உட்காரவும், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் வேண்டியவர் என்ன செய்வார்?

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் இதற்கு வழி கண்டார்கள். கணுக்காலில் மரக்கட்டை, குதிகாலிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற ரப்பர், எல்லாவற்றையும் மூடி தோல் நிறத்தில் கெட்டி ரப்பர். இரும்பு மூட்டே கிடையாது. ஆனாலும் அந்தக் குதிகால் ரப்பர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளையும். கல்லை மிதித்தால் பாதம் சாயும், ஆள் சாயமாட்டார். காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன் மீண்டும் மேடையேறி ஆடியது ஜெய்ப்பூர் காலோடுதான். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய செயற்கைக் கால் நிலையமும் அதன் பெயரையே தாங்கியிருக்கிறது.

விலை அல்ல, வேலைதான் கணக்கு

கார்பன் ஃபைபர் பாதம் உடம்பின் பாரத்தில் வளைந்து, நிமிரும்போது கொஞ்சம் உந்தும். வேகமாக நடப்பவருக்கு ஏற்றது. ஹைட்ராலிக் கணுக்கால் சரிவுக்குத் தக்கபடி மடங்கும். முட்டிக்கு மேலே கால் போனவருக்கோ, பாதம் சீக்கிரம் தரையில் படிந்தால் முட்டி திடீரென்று மடங்காது. அதனால் முன்னும் பின்னும் மட்டும் அசையும் எளிய மூட்டே அவருக்குப் பல நேரம் துணை. மோட்டார் வைத்த கணுக்கால் தசையைப் போலவே உந்தும் என்றாலும் எடை அதிகம், சார்ஜ் போட வேண்டும். விலையுயர்ந்ததுதான் நல்லது என்று கடன் வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை படி, வேலைக்குப் போகும் வழி எப்படி என்பதை முதலில் செயற்கைக் கால் பொருத்துபவரிடம் சொல்லுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது

பல பாதங்கள் குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு அளவெடுத்துப் பொருத்தப்படுகின்றன. ஷூவுக்குப் பொருத்திய காலோடு வீட்டுக்குள் வெறுங்காலில் நடந்தால் கால் பின்னோக்கிச் சாயும், முட்டி பின்னால் இழுபடும். எனவே அளவெடுக்கப் போகும்போது தினமும் போடும் செருப்பையே கொண்டுபோங்கள். வீட்டில் வெறுங்காலோடு நடப்பதையும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், இரவில் காலைக் கழற்றியதும் வெட்டுப்பட்ட பகுதியை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் மறையாமல் நின்றால், மறுநாள் அந்தக் காலைப் போடும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள்.