பள்ளிக் கட்டடம் எழும்புவது எவ்வாறு?

பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினாலும், வகுப்பறைகள் போதாமற் போனாலும் பெற்றோர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாவட்ட மன்றமே. "வரி வாங்கும் மன்றம் பள்ளி கட்டித் தரக் கூடாதா?" என்று கேட்பது இயல்பு. ஆனால், பொறுப்பில்லாத இடத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் ஆண்டுகள் வீணாகும். அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த ஒழுகும் கூரையின் கீழேயே ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறி விடுவர். ஆகவே, கோலா தெர்லா போன்ற மலைப்பகுதிகளில் வாழும் பெற்றோர், எந்த அலுவலகம் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்று பொறுப்புகள்

அமெரிக்காவில் பல ஊர்களில் உள்ளூர்ப் பள்ளி வட்டாரங்களே சொத்து வரியைக் கொண்டும், வாக்காளர்களின் இசைவுடன் கடன் பத்திரங்கள் விற்றும் பள்ளிகளைக் கட்டுகின்றன. நம் நாட்டின் ஏற்பாடு வேறு. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. நிலமும் ஊராட்சியும் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. எனவே கட்டடத்திற்கான பணம் புத்ராஜெயாவிலிருந்து வர வேண்டும். அரசாங்க நிலம் வேண்டுமாயின் பகாங் மாநில அரசாங்கம் இசைய வேண்டும். கேமரன் மலை மாவட்ட மன்றம் வசூலிக்கும் வரி குப்பை அகற்றல், வடிகால், தெருவிளக்கு முதலியவற்றுக்கே உரியது. எனினும், மன்றத்தைப் புறக்கணிக்க இயலாது. திட்ட அனுமதியும் கட்டட வரைபட அனுமதியும் மன்றத்தின் கையில் உள்ளன. மலைச்சரிவுகளில் மண்ணின் உறுதியையும் நீர் வடியும் வழியையும் ஆராயாமல் கட்டடம் எழுப்புவது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

நிலமே முதற்படி

நமது தோட்டப் பள்ளிகள் பிறந்த விதத்தை இங்கு நினைவுகூர்வோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என விதித்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டபோது இவ்விதி நடைமுறையில் இருந்தது. இவ்வாறு நாடெங்கும் பள்ளிகள் தோட்ட நிலத்திலேயே தோன்றின. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்று மேற்பட்டே உள்ளன.

பள்ளி தோட்ட நிலத்தில் நின்றதன் விளைவு இன்றும் தொடர்கிறது. நிலம் அரசாங்கத்தினுடையதாக இருந்தால் அது முழு உதவி பெறும் பள்ளி; கட்டடச் செலவும் அரசாங்கத்தைச் சார்ந்தது. நிலம் தனியாருடையதாக இருந்தால் பெரும்பாலும் அது பகுதி உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். கட்டடத்திற்கோ சிறப்பு மானியத்தை எதிர்நோக்க வேண்டும். 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கென 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது இத்தகையதே. இவ்வொதுக்கீடு ஆண்டுதோறும் ஒரே அளவில் வருவதன்று.

ஆகவே நிலத்தின் உரிமையை உறுதி செய்வதே முதல் வேலை. தோட்ட நிர்வாகம் நிலத்தைப் பிரித்துப் பள்ளிக்கு மாற்றித் தரலாம். மாநில அரசாங்கம் தன் நிலத்தைப் பள்ளிக்கென ஒதுக்கி அரசிதழில் வெளியிடலாம். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிக உரிமம் நிரந்தரக் கட்டடத்திற்கு ஏற்றதன்று. வாய்மொழி வாக்குறுதியும் போதாது; தோட்டம் கைமாறும் நாளில் அது செல்லாமற் போகும்.

யாருக்கு முதலிடம்?

தலைமையாசிரியரின் விண்ணப்பம் மாவட்டக் கல்வி அலுவலகம், மாநிலக் கல்வி இலாகா ஆகியவற்றைக் கடந்து கல்வி அமைச்சை அடைகிறது. பெரிய கட்டடங்கள் ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். விண்ணப்பங்கள் பலவாகவும் பணம் அளவாகவும் இருப்பதால் வரிசைப்படுத்துதல் தவிர்க்க இயலாதது. கட்டடத்தின் நிலை, மாணவர் நெருக்கடி, எதிர்கால மாணவர் எண்ணிக்கை, நிலம் தயாராக உள்ளதா என்பன கருதப்படுகின்றன. பழுதுற்ற கட்டடங்களைப் பொதுப்பணி இலாகா 1 முதல் 7 வரை தரப்படுத்துகிறது. 7 என்பது மிக மோசமான நிலை.

மலைத்தோட்டப் பள்ளிகளின் சங்கடம் இங்கேதான் உள்ளது. 150 அல்லது அதற்குக் குறைவான மாணவர்களைக் கொண்டவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படும். நெருக்கடியைக் காட்டி நகரப் பள்ளியோடு இவை போட்டியிட முடியாது. ஆனால் பாதுகாப்பைக் காட்டி வாதாட முடியும். "கட்டடம் பழையது" என்று எழுதுவதைவிட, எந்தச் சுவரில் எப்பொழுது விரிசல் கண்டது, மழையின்போது எத்தனை வகுப்புகள் இடம் மாறின என்பதைத் தேதியோடும் படத்தோடும் எழுதுவதே பயன் தரும்.

நாம் செய்ய வேண்டியவை

பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூடி, நில அலுவலகத்தில் பள்ளி நிலத்தின் உரிமைப் பதிவைப் பார்த்து நகல் எடுத்து வைத்தல் வேண்டும். ஆபத்தான பகுதிகளைப் பொதுப்பணி இலாகா சோதித்து அறிக்கை தருமாறு தலைமையாசிரியர் வாயிலாகக் கேட்கலாம். நன்கொடை திரட்டினால் ரசீதும் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டும். மன்றத்தின் அனுமதிக்கு முன் ஒரு செங்கல்லையும் வைக்க வேண்டாம். அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திற்கும் நகல் வைத்து, பதில் வராவிடில் எழுத்து மூலம் நினைவூட்டுங்கள்.

இவையனைத்திலும் முக்கியமானது, உரிய காலத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் பதிந்து கொள்வதாகும். மாணவர் பட்டியல் சுருங்கச் சுருங்க, மிக நன்றாக எழுதிய விண்ணப்பமும் வலுவிழக்கும். நிலப்பத்திரம், சோதனை அறிக்கை, மாணவர் பட்டியல் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த கோப்பே அதிகாரிகளின் மேசையில் நமக்காகப் பேசும்.