செதுக்கு வேலைக்கு ஏற்ற நாட்டு மரங்கள்

கொல்லையில் பட்டுப்போன மரத்தை விறகு விலைக்குத் தள்ளிவிடுவது நமது குடியானவர்களுக்கு வழக்கமாயிருக்கின்றது. மரச்சிற்பம் பயிலத் தொடங்கும் இளைஞனோ, தேக்குதான் மரம் என்றெண்ணிப் பணங்கொடுத்து வாங்கி, கை பழகுமுன்னரே பலகையைக் கெடுத்து, உளியைக் கீழே வைத்துவிடுகிறான். அவன் தேடும் மரம் பெரும்பாலும் அவனூர் வரப்பிலேயே நிற்கக் காணலாம்.

பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகை, மா, வேம்பு முதலிய சாதாரண மரங்களிலேயே தெய்வ உருவங்களைச் செதுக்கி வருகின்றனர். இவ்வேலைக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் வாகையும் வேம்பும் முதற்பாடத்திற்கு உரியனவல்ல. வேம்பின் நார் முன்னும் பின்னும் பின்னிக்கிடப்பதால், உளி ஒரு பக்கம் வழுவழுப்பாயும் மறுபக்கம் பிய்த்துக்கொண்டும் செல்லும். வாகைத் தூள் தும்மலை உண்டாக்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளாமல் தேய்க்கலாகாது.

முதலில் கையாளத்தக்கது குமிழ மரம். அது இலேசானது, நார் ஓரளவு நேரானது, உலர்ந்தபின் அதிகம் கோணுவதில்லை. வெட்பாலை வெண்மையும் நெருக்கமும் உள்ளது. சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள் கடைசலாவது இம்மரத்திலேயே. கொண்டபல்லிப் பொம்மைகளுக்கு உதவும் பொனிகி மரம் மிகவும் மெது. கை தேறியபின் பூவரசையும் பலாவையும் எடுக்கலாம். வேலிக்கருவை நன்கு உலர்ந்தால் சுருக்கம் குறைவாயினும், கடினத்தால் புதியவனுடைய உளியை மழுக்கிவிடும். அரளி, எட்டி, தில்லை ஆகிய நஞ்சு மரங்களில் கரண்டியோ குழந்தைகளின் பொம்மையோ செய்தல் கூடாது.

மரத்தைத் தெரிந்தெடுப்பதினும் அதனை உலர்த்துவதிலேயே நஷ்டம் அதிகம் நேரிடுகின்றது. பச்சை மரத்தின் ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்காகக் குறையும் வரையில் மரம் சுருங்குவதில்லை, அதன்பின்னரே சுருங்கும். அச்சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் உள்ளதைக் காட்டிலும் சுற்றுவாக்கில் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகையால் உருட்டுக் கட்டையை முழுதாய் உலரவிட்டால் அது வெடித்தே தீரும். நடுநெஞ்சின் வழியே இரண்டாய்ப் பிளந்து, அந்நெஞ்சைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பழைய வர்ணமோ பூசுதல் அவசியம். இல்லையேல் முனை முந்தி உலர்ந்து விரியும். பின்பு தரையில் படாமல், காற்றோட்டமுள்ள நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்க வேண்டும். வெயிலில் போடுவது அவசரக்காரர் வேலை. ஓரங்குலப் பலகை சில மாதங்களில் உலரும். நான்கங்குலக் கட்டைக்கு வருஷமும் அதற்கு மேலும் செல்லும். மாதந்தோறும் தராசிலிட்டு, எடை குறைவது நின்றபின் உளி வைக்கலாம். கரண்டி போன்ற மெல்லிய சாமான்களைப் பச்சையிலேயே தோராயமாய்ச் செதுக்கி மெதுவாய் உலரவிடுவதும் நல்ல முறையே.

மாமரத்தின் வெள்ளைப் பாகத்தில் மாவுச்சத்து மிகுதி. உளுப்பூச்சி விரைவில் புகும். பட்டையை உடனே உரித்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசினால் ஒருவாறு தப்பும்.

புயற்காலத்தில் இவ்விஷயங்கள் மிகவும் பயன்படும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலில் தென்னையேயன்றி மா, பலா மரங்களும் ஏராளமாய்ச் சாய்ந்தன. அத்தகைய சமயத்தில் சில வாரங்களுக்குள் அறுத்து நிழலிற் சேர்க்காத மரம் கறை பிடித்து விறகாகவே முடியும்.

புறம்போக்கு மரம் விழுந்து கிடப்பினும் ரெவினியூ அதிகாரிகளின் அனுமதியின்றி எடுக்கலாகாது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்தல் நலம். சந்தனம், ஈட்டி ஆகியவை சொந்தப் பட்டா நிலத்தில் நிற்பினும், வனத்துறையாரைக் கேட்டறிந்த பின்னரே அவற்றில் கோடரி வைக்க வேண்டும்.