மெஷ் வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

தெருவில் பள்ளம் தோண்டி கேபிள் இழுக்காமல், மொட்டை மாடியில் ஒரு பெட்டியை மாட்டி 5ஜி அலை வழியே வீட்டுக்கு இணையம் தரும் சேவை இந்தியாவில் 2023-ல் பரவத் தொடங்கியது. ஆகஸ்டில் டெல்லி, மும்பையில் ஏர்டெல் இறங்கியது. செப்டம்பர் 19-ல் சென்னை உட்பட 8 நகரங்களில் ஜியோ இறங்கியது. ஃபைபர் எட்டாத புறநகர்த் தெருக்களுக்கு இது வரப்பிரசாதம்தான். தொல்லை வீட்டுக்குள் ஆரம்பிக்கிறது. ஹாலில் வேகம் பறக்கும். பின் அறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். கடையில் கேட்டால், “மெஷ் போட்டுடுங்க சார், வீடு பூரா நெட் கிடைக்கும்” என்பார்கள்.

பணத்தை எடுக்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மெஷ் என்பது இரண்டு மூன்று வைஃபை பெட்டிகள் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு. மோடமுக்கு வந்து சேர்ந்த இணையத்தை அது அறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். டவரிலிருந்து மாடிக்கு வருவதே குறைவு என்றால், எத்தனை பெட்டி வைத்தாலும் அந்தக் குறைவுதான் வீடு முழுக்கப் பரவும்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எளிது. ஒரு லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாக மோடமில் இணையுங்கள். மற்ற கருவிகளை எல்லாம் துண்டித்துவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் ஒரு முறை, எல்லோரும் வீடு திரும்பிய இரவு 9 மணிக்கு ஒரு முறை எனச் சில நாட்கள் அளந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மோடமின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘ஆர்எஸ்ஆர்பி’ என்றொரு எண் இருக்கும். அது மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் சிக்னல் நன்று. மைனஸ் 110-க்கும் கீழே போனால் பலவீனம்.

கேபிளில் அளக்கும்போதே 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 15தான் வருகிறது என்றால், அது நிறுவனம் சரிசெய்ய வேண்டிய விஷயம். மாடிப் பெட்டியின் திசை மாறியிருக்கலாம், எதிரே புதிய கட்டடம் எழும்பியிருக்கலாம், டவரில் நெரிசல் இருக்கலாம். கேபிளில் முழு வேகமும் வந்து, பின் அறையில் மட்டும் படுத்துவிடுகிறது என்றால்தான் மெஷ்ஷுக்கு வேலை.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். ‘ஏஎக்ஸ் 3000’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2,402 என்ற உச்சபட்ச ஏட்டுக்கணக்கைக் கூட்டி, வட்டமாக்கிப் போட்ட எண் அது. உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் இவற்றில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். பெட்டியின் பின்புற லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தானா, கிகாபிட்டா என்பதைப் பார்த்து வாங்குவது அதைவிட முக்கியம்.

இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். சிக்னலே இல்லாத அறையில் வைத்தால் அதற்கும் ஒன்றும் கிடைக்காது. மோடமுக்கும் அந்த அறைக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டிவிக்குப் பின்னாலும் கூடாது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் போனுடன் பேசுவதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம். முடிந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கேட்-6 கேபிள் ஓட்டிவிடுவது சிறந்தது.

இன்னொரு சிக்கல், ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர். மோடமும் ரவுட்டராக வேலை செய்யும், மெஷ்ஷும் ரவுட்டராக வேலை செய்யும். விளைவு: அலுவலக விபிஎன் அறுந்து போகலாம், போனிலிருந்து பிரிண்டர் தெரியாமல் போகலாம். மெஷ்ஷை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றி, மோடமின் வைஃபையை அணைத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். ஆனால் கம்பியில்லா இணையத்தில் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவி ரெக்கார்டரை நேரடியாகத் திறக்க முடியாமல் போகலாம். அது தேவைப்படுவோர், தனி ஐபி கிடைக்குமா, கட்டணம் எவ்வளவு என்று இணைப்பு வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வைஃபை தெரு வரை எட்டினால் ஆபத்தும் அதுவரை எட்டும். 2008 ஜூலை 26-ல் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் ஊடகங்களுக்குப் போனது. ஐபி முகவரியைத் தேடிப்போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். குற்றத்தில் சம்பந்தமே இல்லாதவர் விசாரணை வளையத்தில் சிக்கினார். இதையடுத்து 2009-ல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை பாதுகாப்பு குறித்து இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது.

ஆகவே மெஷ் பொருத்திய அன்றே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். டபிள்யூபிஏ-3 இருந்தால் அதை, இல்லையென்றால் டபிள்யூபிஏ-2-வைத் தேர்ந்தெடுங்கள். விருந்தினருக்குத் தனி ‘கெஸ்ட்’ வைஃபை கொடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் தானாக வரும்படி வையுங்கள்.

வேகமே வரவில்லை என்றால் என்ன வழி? நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2012 விதிமுறைப்படி எண் தருவது நிறுவனத்தின் கடமை. தீர்வு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகாரை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. கோளாறு ஏற்பட்டு 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். போகும்போது கேபிளில் அளந்த ஸ்கிரீன்ஷாட்டுகள், பில், புகார் எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள்.