இளநீர்க்காரரும் எரிமலையும்

ரமணாசிரமத்துக்கு எதிரே இளநீர்க்காரரிடம் "வழுக்கையா குடுங்கண்ணா" என்று கேட்டால் இரண்டு காரியம் செய்வார். கத்தியின் பின்புறத்தால் காயைத் தட்டிப் பார்ப்பார். பிறகு கையில் தூக்கி எடை பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் கிரிவலக்காரர் யாராவது அண்ணாமலையைக் காட்டி, "இது ஒரு காலத்துல எரிமலைங்க, உள்ள இன்னும் நெருப்பு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எரிமலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் செய்வதும் இளநீர்க்காரர் வேலைதான்.

தட்டும் வேலையை நிலநடுக்கம் பார்த்துக்கொள்ளும். அது வராத இடத்தில் குழி போட்டு வெடி வைப்பார்கள். கிரானைட்டில் அதிர்வலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடும். பாறை உருகிக் கிடந்தால் தாமதமாக வந்து சேரும். ஆனால் வெறும் விரிசல் விழுந்த பாறையும் அலையைத் தாமதப்படுத்தும். தட்டலை மட்டும் நம்பினால் மோசம் போகலாம்.

எடை பார்ப்பது ஈர்ப்புமானி. 60 கிலோ ஆள் ஒரு மாடி ஏறினால், பூமியின் மையத்தைவிட்டுச் சற்று விலகுவதால், 60 மில்லிகிராம் அளவுக்கு எடை குறைகிறார். மூன்று அரிசி மணி! கருவி இதில் நூறில் ஒரு பங்கு மாற்றத்தையும் காட்டிவிடும். அதனால் வைத்த இடத்தின் உயரம் பிசகக் கூடாது. அடிவாரத்தில் வைத்தால் மலையே கருவியைக் கொஞ்சம் மேல்நோக்கி இழுக்கும். அதையும் கணக்கில் சரிக்கட்ட வேண்டும். மிச்சம் நிற்பதுதான் பூமிக்கடியிலிருந்து வரும் சேதி. அதிலும் ஒரு வில்லங்கம்: பக்கத்தில் கிடக்கும் சின்னக் குண்டும் ஆழத்தில் கிடக்கும் பெரிய குண்டும் ஒரே அளவு இழுக்கலாம்.

ஆகவே கணினியில் பாறைக்கு ஓர் உருவம் கற்பித்து, அதற்கு அலை எப்போது வரும், ஈர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, இரண்டு அளவீடுகளுக்கும் ஒத்துப்போகும் வரை உருவத்தைத் திருத்திக்கொண்டே போகிறார்கள். ஹவாயின் கிலாவேயா எரிமலையின் உச்சியில் ஈர்ப்பு குறையும் என்றுதான் நமக்குத் தோன்றும், உள்ளே குழம்பாயிற்றே. அங்கே கூடுகிறது, அலையும் வேகமாக ஓடுகிறது. குழம்பிலிருந்து அடியில் படிந்த ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் கனத்த கட்டியாகி உறைந்திருப்பதே காரணம் என்கிறார்கள்.

நம் நாட்டில் இன்று உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான். ஆனால் எரிமலை இல்லாத இடத்திலும் இதே வித்தை செல்லும். ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆந்திராவின் குப்பத்திலிருந்து பழனி வரை ஒரு கோட்டில் அதிர்வையும் ஈர்ப்பையும் அளந்தது. அங்கே பூமியின் மேலோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தடிமன்.

அண்ணாமலைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மேலே இருந்த பாறையை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சீவி எடுத்துவிட்டதால் உள்பக்கம் வெளியே தெரிகிறது. ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையோரம் உடைந்த கல் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். எரிமலைக் குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மணி கட்ட நேரமிருக்காது. இந்தக் கல்லோ பூமியின் ஆழத்தில் மெதுவாக உருவானது, வயது இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். கற்கண்டை உடைத்தாற்போல மணிமணியாக மினுக்கும்.