நீர் புகுந்த எஞ்சின்: சாவியைத் திருப்புவதற்கு முன்

ஓடையையும் சேற்றையும் கடந்து செல்லும் ஆற்றலுக்காகவே பலர் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப் வகை வாகனங்களை விரும்பி வாங்குகின்றனர். ஒவ்வொரு வாகனமும் எவ்வளவு ஆழமான நீரைக் கடக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவதுண்டு. மஹிந்திரா தார் வாகனத்திற்கு அந்த அளவு 650 மில்லிமீட்டர். இது மெதுவாகச் செல்லும்போது மட்டுமே பொருந்தும். வேகமாக நீரில் இறங்கினால் முன்னே எழும் அலை, எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய் வரை உயர்ந்துவிடும்.

காற்றை அழுத்திச் சுருக்கலாம். நீரைச் சுருக்க இயலாது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலெழும்போது, சிலிண்டரில் உள்ள காற்று ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பெட்ரோல் எஞ்சினில் ஏறத்தாழ 10-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அவ்விடத்தில் நீர் நிறைந்திருந்தால் பிஸ்டன் மேலே செல்ல வழியின்றித் தடைபடும். அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும் அல்லது முறியும். குறைந்த வேகத்தில் தானாக நின்றுபோன எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்ற இயலும். மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல்வதே பல நேரங்களில் பெருஞ்சேதத்தை விளைவிக்கிறது.

எனவே, வண்டி நீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பலாகாது. வண்டியை இழுத்தோ தள்ளியோ மேட்டிற்குக் கொண்டுவர வேண்டும். கியரில் வைத்துத் தள்ளினால் எஞ்சின் சுழலும் என்பதால் நியூட்ரலில் இருத்தல் அவசியம். பின்னர் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் சிலிண்டருக்குள்ளும் நீர் சென்றிருக்கக்கூடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் தெரிந்தால், ஆயிலிலும் நீர் கலந்துள்ளது என்று பொருள்.

அடுத்த பணிகள் மெக்கானிக்குக்கு உரியவை. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றிய பின், கிராங்க் புல்லியை ஸ்பானரால் கையாலேயே சுழற்றிப் பார்ப்பார். தடையின்றிச் சுழன்றால், எரிபொருள் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரால் சுழற்றி நீரை வெளியேற்றுவார். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, மீண்டும் ஒருமுறை ஆயிலை மாற்றுவது நலம். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆகியவற்றின் ஆயிலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் துரு விரைவில் படரும் என்பதால் இப்பணியை நாள்கணக்கில் தள்ளிப்போடலாகாது.

காப்பீடும் இதே ஒழுங்கையே எதிர்பார்க்கிறது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்போருக்குச் சொந்த வாகனத்தின் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது. முழுமையான பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கிறது. ஆனால் அதன் தொடர்விளைவான இழப்பை ஏற்பதில்லை. பழுது நீக்கும் முன் வண்டியை இயக்கியதால் சேதம் பெருகினால், அது உரிமையாளரின் பொறுப்பே என்பது பாலிசியின் நிபந்தனை. நீர் புகுந்த எஞ்சினின் சேதத்திற்கென ‘எஞ்சின் பாதுகாப்பு’ எனும் கூடுதல் காப்பு உண்டு. அதன் நிபந்தனைகளும், ஏற்கப்படும் வாகன வயதும் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளுக்குத் தனிநபர் வாகன பாலிசி பொருந்தாது என்பதையும் சாகசப் பயணம் செல்வோர் கவனிக்க வேண்டும்.

விபத்து நேர்ந்த இடத்திலேயே நீர்மட்டம் தெரியும்படி புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்கு உடனே தெரிவியுங்கள். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் சர்வேயரின் ஆய்வை விரைந்து கேட்டுப் பெறுங்கள்.

வண்டி பணிமனையில் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. இழப்பீடு மறுக்கப்பட்டால், எஞ்சின் செலவும் மாதத் தவணையும் ஒரே வருமானத்திலிருந்து போக வேண்டியிருக்கும். அடுத்த மழைக்காலத்திற்கு முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் பாதுகாப்பு அதில் இல்லையெனில், புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.